குருதியும் ஒப்புதலும்

நோயின் காரணத்தை நாடும் ஆராய்ச்சி மக்கட்கு நலம் பயப்பது என்பதில் ஐயமில்லை. ஆயின், அதன்பொருட்டுத் தம் குருதியையே ஈந்த மக்கள் அவ்வாராய்ச்சியின்கண் யாது உரிமை உடையர்? தொல்குடி மக்களிடையே நிகழ்ந்த இரண்டு ஆராய்ச்சிகளை ஒப்புநோக்கி இவ்வினாவிற்கு விடை காண்பதே யாம் ஈண்டு மேற்கொண்டது.

1. ஹவசுப்பாய் மக்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரிசோனா மாநிலத்தில், கிராண்டு கான்யன் என்னும் மாபெரும் மலைப்பிளவினுள் வாழும் சிறு குடியினர் ஹவசுப்பாயர். தம்முள் நீரிழிவு நோய் பெருகக் கண்ட அவர்கள் உதவி வேண்ட, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1990 முதல் அவர்பால் குருதி பெற்றனர். நடத்தைக் கோளாறு, மருத்துவக் கோளாறு இவற்றின் காரணங்களை ஆராய்தற்கு என ஒப்புதற் படிவம் பொதுப்படக் கூறிற்று. மக்கள் கருதியதோ நீரிழிவு ஒன்றையே. பின்னர் அக்குருதி மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவினருள் மணத்தல், அக்குடியின் முன்னோர் வேற்றிடத்தினின்றும் பெயர்ந்து வந்தமை என்பனவற்றை ஆராயவும் பயன்பட்டது. தம் குலம் அம்மலைப்பிளவிலேயே தோன்றியது என்பது அவர்தம் நம்பிக்கை. ஆதலின் இறுதியிற் கூறியது அவர் நெஞ்சைப் பெரிதும் புண்படுத்திற்று. 2003-இல் செய்தி அறிந்தவர்கள் மறு ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். 2010-இல் பல்கலைக்கழகத்தார் 41 பேருக்கு 7,00,000 டாலர் அளிக்கவும், எஞ்சிய குருதியைத் திருப்பித் தரவும் இசைந்தனர்.

படிவத்தின் சொற்கள் இவ்வெல்லா ஆராய்ச்சிக்கும் இடந்தருவனவே என வாதிப்பாரும் உளர். மொழி பயிலும் நமக்கு இவ்வாதம் ஏலாது. சொல்லின் பொருள் எழுதியோன் கருத்தால் மட்டும் முடிவதன்று. கேட்டோர் அதனை எவ்வாறு உணர்ந்தனர் என்பதனையும் தழுவியது. உணராப் பொருளுக்கு ஒருவர் ஒப்புதல் அளித்தார் எனல் பொருந்தாது.

2. மோஹாக் மக்கள்

கனடா நாட்டில் மாண்ட்ரியல் நகரை அடுத்த கானவாகே என்னும் ஊர் மோஹாக் குடியினருடையது. அவ்வூர் மருத்துவர் 1980-களில், ஆங்குள்ளாரிடை நீரிழிவு பிறரினும் இருமடங்கு மிக்கிருத்தலைக் கண்டனர். கண்டதனை ஊராரிடமே முதற்கண் உரைத்தனர். கேட்ட பெரியோர், தம் மக்களின் மக்களையேனும் காத்தல் வேண்டும் என்றனர். அவ்வேண்டுகோளினின்றும் 1994-இல் பள்ளிச் சிறுவரின் உணவையும் உடற்பயிற்சியையும் பற்றிய ஆராய்ச்சிப் பணி தோன்றியது. ஊரார் குழு ஒன்று ஆராய்வோருடன் உடனமர்ந்து ஒழுக்க விதிகளை வகுத்தது.

அவ்விதிகளுள் ஒன்று நம் சிந்தனைக்கு உரியது. ஆராய்ச்சியின் முடிவை வெளியிடுங்கால் ஊராரும் ஆராய்வோரும் கருத்து வேறுபடின், ஒருவர் மற்றவரைத் தடுத்தல் கூடாது; மாறுபடுவோர் தம் கருத்தையும் அம்முடிவுடன் சேர்த்து வெளியிடலாம். மக்களுக்கு உரிமை வழங்கின் உண்மை மறையும் என அஞ்சுவார்க்கு இதுவே தக்க விடை. உண்மையும் மறையவில்லை, மக்களின் குரலும் அடங்கவில்லை.

முடிபு

வினா எழுப்புதல், விதி வகுத்தல், முடிவு உரைத்தல் ஆகிய மூன்றிடத்தும் மக்கள் உடனிருத்தலே கூட்டாராய்ச்சி எனப்படும். குருதியை மட்டும் பெற்று உடையவரை மறத்தல், விதைநெல்லை வாங்கிச் சென்று விளைவில் பங்கு மறுத்தலை ஒக்கும். நாளை நம்முள் சிலர் மருத்துவராகலாம். சிலர் மலைவாழ் மக்களின் பாடலும் கதையும் தொகுக்கச் செல்லலாம். கொள்வது குருதியாயினும் பாடலாயினும், எதற்காகக் கேட்கின்றோம் என்பதனை அவர் உணருமாறு உரைத்தலும், பெற்ற பயனை அவர்பால் மீளக் கொணர்தலும் நம் கடனாம்.