சீட்டு வாங்குவோரின் மூன்று கேள்விகள்

"சுவாமி, கோவில் கூரைக்கு ஒரு சீட்டிழுப்பு வைத்தால் என்ன?" பங்குச் சபைக் கூட்டங்களில் அடிக்கடி எழும் யோசனை இது. சீட்டுப் புத்தகங்கள் அச்சாகின்றன. பிள்ளைகள் வீடு வீடாகக் கொண்டு செல்கின்றனர். ஆனால் சில இடங்களில் குலுக்கல் நாள் பிந்துகிறது. விற்காத சீட்டுக்கள் திரும்பி வருவதில்லை. பரிசு யாருக்கு விழுந்தது என்பதும் தெரிவதில்லை. கூரை முடியுமுன் மனக்கசப்பு முளைத்துவிடுகிறது. காரணம் பெரும்பாலும் களவல்ல, ஒழுங்கின்மையே.

நம் குடும்பங்கள் பலவற்றின் உறவினர் இன்று பிரித்தானியாவில் வாழ்கின்றனர். அங்கும் பழைய மாணவர் சங்கங்களும் ஆலயக் குழுக்களும் சீட்டிழுப்பு நடத்துகின்றன. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் இதற்கு விதி வகுப்பது 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம். அவ்விதிகள் நமக்கும் நல்ல பாடம்.

ஒரு விழாவின்போது, அவ்விடத்திலேயே சீட்டு விற்று நடத்துவதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆனால் சேர்ந்த பணத்தில் பரிசுக்கு 500 பவுணுக்கு மேலும், செலவுக்கு 100 பவுணுக்கு மேலும் எடுக்கக் கூடாது. இலாபம் எவருடைய சொந்தப் பைக்கும் போகலாகாது.

பல நாட்கள் வெளியே சீட்டு விற்பதாயின், சங்கம் உள்ளூராட்சி மன்றத்தில் பதிவுசெய்ய வேண்டும். முதற் கட்டணம் 40 பவுண். பின்னர் ஆண்டுதோறும் 20. ஒரு குலுக்கலுக்கு 20,000 பவுண், ஆண்டு முழுவதற்கும் 250,000 பவுண் என்பதே விற்பனை எல்லை. இவ்விதிகளை உற்றுப் பார்த்தால், சீட்டு வாங்குபவரின் மூன்று கேள்விகளுக்கே அவை விடை தருகின்றன.

1. கேட்பவர் யார்? சங்கத்தின் பெயர், சீட்டின் விலை, பொறுப்பாளரின் பெயரும் முகவரியும், குலுக்கல் நாள் ஆகியவை சீட்டிலேயே இருக்க வேண்டும். 16 வயதுக்குட்பட்டோருக்குச் சீட்டு விற்கலாகாது.

2. எல்லோருக்கும் ஒரே நீதியா? ஒவ்வொரு சீட்டும் ஒரே விலை. ஐந்து வாங்கினால் ஒன்று இலவசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பணம் செலுத்தாத சீட்டுக் குலுக்கலில் சேராது.

3. பணம் என்னவாயிற்று? குறைந்தது 20 வீதம் அறப்பணிக்கே சேர வேண்டும். குலுக்கல் முடிந்து மூன்று மாதங்களுக்குள், சங்கத்தின் இரு உறுப்பினர் ஒப்பமிட்ட கணக்கு மன்றத்துக்குப் போக வேண்டும்.

திருச்சபையும் இதையே கேட்கிறது. விசுவாசிகள் ஒரு நோக்கத்துக்கெனக் கொடுத்ததை அந்நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (எண் 1267). அவர்கள் கொடுத்தவற்றுக்கு அவர்களுக்கே கணக்குக் காட்டவும் பணிக்கிறது (எண் 1287). அதிர்ஷ்ட விளையாட்டு தன்னிலே அநீதியன்று. ஆனால் வீட்டின் அத்தியாவசியத் தேவைக்கான பணத்தை அது பறிக்குமாயின் ஏற்கத்தகாதது என்பது மறைக்கல்வி நூலின் போதனை (எண் 2413). ஆகவே அடுப்பெரியாத வீட்டில் சீட்டை நீட்டி, "மாட்டேன்" என்று சொல்ல வெட்கப்பட வைக்காதீர்கள்.

நம் நாட்டில் லொத்தருக்குத் தனிச் சட்டம் உண்டு. எனவே சீட்டை அச்சிடுமுன் உரிய இடத்தில் விசாரித்து, அனுமதியை எழுத்தில் பெறுங்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் இலக்கமிட்டு, பெற்றவரிடம் கையொப்பம் வாங்குங்கள். சொன்ன நாளில், எல்லோர் முன்னிலையிலும் குலுக்குங்கள். அடுத்த ஞாயிறு வரவு, செலவு, மீதி மூன்றையும் கோவில் விளம்பரப் பலகையில் ஒட்டுங்கள்.

அந்த ஒரு தாள் ஒட்டப்பட்டால், அடுத்த முறை நீங்கள் கதவைத் தட்டும்போது மக்கள் மனமுவந்து திறப்பார்கள்.