ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறீர்களா?

கனடாவுக்குப் புதிதாக வந்த பெரியவர்களுக்குத் தன்னார்வலராக ஆங்கிலம் சொல்லித்தருகிறவர்களே, முதல் வாரம் இலக்கணப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். "இந்த வாரம் எங்கே பேச வேண்டியிருக்கிறது?" என்று கேளுங்கள். மருந்துக் கடையா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்வதா, அதுதான் அன்றைய பாடம்.

● மளிகைக் கடையின் வார விளம்பரத் தாள் அருமையான பாடநூல். விலைகளை வாசிக்கச் சொன்னால் 'தேர்ட்டீன்', 'தேர்ட்டி' குழப்பம் உடனே தெரியும். முதல் சொல்லில் அழுத்தம் கடைசியில், அடுத்ததில் தொடக்கத்தில். மேசையைத் தட்டிக் காட்டுங்கள். பஸ் எண்ணைத் தவறாகக் கேட்டு அலைந்தவருக்கு இதன் அருமை புரியும்.

● கேள்வி கேட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த மௌனத்தில்தான் கற்பவர் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருப்பார்.

● பேச்சின் நடுவே திருத்தாதீர்கள். மழலைப் பாட்டும் வேண்டாம். ஊரில் அவர் ஆசிரியராகவோ நர்ஸாகவோ இருந்திருக்கலாம்.

● குடியுரிமை கேட்கும் 18 முதல் 54 வயதினர், கனடிய மொழித் தரஅளவின் 4ஆம் நிலையைப் பேசுவதிலும் கேட்பதிலும் எட்டியிருக்க வேண்டும். எனவே எழுத்தைவிடப் பேச்சுக்கே நேரம் கொடுங்கள்.

● 911ஐ அழைத்து வீட்டு முகவரி சொல்வதை ஒவ்வொரு வகுப்பிலும் ஒருமுறை நடித்துப் பாருங்கள்.