அம்மப்பாவின் புலித்தலை

கேள்வி: கல்லடியில் எங்கள் பழைய வீட்டு விறாந்தையில் ஒரு புலித்தலை மாட்டியிருக்கிறது. அம்மப்பா 1930களில் படுவான்கரைப் பக்கம் சுட்டது. மைசூருக்கு அனுப்பிப் பாடம் செய்வித்தாராம். கொழும்பிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி நல்ல விலை சொல்கிறார். லண்டனில் இருக்கும் மகளோ தனக்கு வேண்டும் என்கிறாள். செத்துத் தொண்ணூறு வருசமான மிருகம்தானே, விற்றால் என்ன?
– வாசகி ஒருவர், மட்டக்களப்பு

பதில்: புலி என்று சொல்லிப் பழகிவிட்டோம், நம் காட்டில் இருப்பது சிறுத்தை. அதை விற்காதீர்கள். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி சிறுத்தையின் தோல், பல் எதை விற்பதும் குற்றம். மகளுக்கும் கொடுத்தனுப்ப வேண்டாம். 1979இல் இலங்கை சேர்ந்த, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் சிறுத்தை மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. உரிய பத்திரம் இல்லாமல் விமான நிலையத்தில் அகப்பட்டால் 'அம்மப்பாவின் ஞாபகம்' என்ற பேச்சு எடுபடாது. வீட்டில் வைத்திருப்பதற்கும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

செத்தது செத்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய தலைக்கு விலை படிந்தால், போன மாதம் கண்ணியில் சிக்கிய சிறுத்தைக்கும் ஒரு அம்மப்பா முளைத்துவிடுவார். வியாபாரி அதைச் சொல்லமாட்டார். பாடம் செய்வதையே நான் பழிக்கவில்லை. 1988இல் இறந்த தலதா மாளிகையின் ராஜா யானையைப் பாடம் செய்து கண்டியில் வைத்திருக்கிறார்கள். அதை யாரும் சுவருக்காகச் சுடவில்லை.

இன்னொன்று, இதுதான் அவசரம். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்கத் தோலின் உட்புறம் ஆர்செனிக் கலந்த சவர்க்காரம் பூசுவார்கள். நூறு வருசமானாலும் அந்த நஞ்சு போகாது. காதோரம் மயிர் உதிர்கிறதா, மூக்கருகே தோல் வெடித்து வெள்ளைத் தூள் தெரிகிறதா பாருங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், தும்புத்தடியால் தட்டாதீர்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.

கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு பலகையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மைசூர் என்றால் வான் இன்ஜன் நிறுவனமாக இருக்கலாம். 1999இல் மூடிய பட்டறை அது. அவர்களுடைய பெயர் அதில் இருக்கக்கூடும். எங்கே, எப்போது சுட்டது என்று தெரிந்தால் அந்தத் தோல் ஓர் ஆய்வாளருக்கு உதவும். இல்லாவிட்டால் வெறும் சுவர் அலங்காரம். ஆகவே வீட்டில் மூத்தவர்கள் யாரும் இருந்தால் இந்தக் கிழமையே கேட்டு எழுதிவையுங்கள்: எந்த ஊர், எந்தக் குளத்தடி, மாரியா கோடையா என்று.