கூடைப்பந்து: எந்த அணியில் சேர்ப்பது?

ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்து, புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடிப்பதற்குள், உடற்கல்வி ஆசிரியர் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வகுப்பு வகுப்பாக வந்து, கூடைப்பந்து ஆட விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போவார். அன்று மாலையே, பையன் ஸ்கூல் டீமில் சேருவதா அல்லது ஹவுஸ் டீமோடு நிறுத்திக்கொள்வதா என்ற விவாதம் வீட்டில் ஆரம்பமாகிவிடும். ஸ்கூல் டீம் என்றால் கௌரவம், ஹவுஸ் டீம் என்றால் பொழுதுபோக்கு என்று நம்மில் பெரும்பாலோர் ஆலோசனைக்கே இடமின்றித் தீர்மானித்துவிடுகிறோம். பையன் எத்தனை நிமிஷம் மைதானத்துக்குள் நிற்பான் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் அபிப்பிராயம்.

கணக்கு மிகவும் எளியது. பத்துப் பத்து நிமிஷமாக நான்கு பகுதிகள், ஆக நாற்பது நிமிஷம். ஒரே சமயத்தில் களத்தில் நிற்பவர் ஐவர். எனவே ஓர் அணி பங்கிட்டுக்கொள்ளக் கிடைப்பது 200 நிமிஷம். பட்டியலில் உள்ள பன்னிரண்டு பேருக்கும் அதைச் சமமாகப் பகிர்ந்தால் தலைக்குப் பதினாறு நிமிஷத்துக்குச் சற்று மேல் வரும். ஆனால் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படியேற வேண்டிய போட்டியில், அதுவும் ஒரு மாட்ச் தோற்றால் மூட்டை கட்ட வேண்டிய நாக்-அவுட் முறையில், எந்தப் பயிற்சியாளரும் அப்படிப் பகிர்ந்தளிக்க மாட்டார். அவரைக் குறை சொல்வதும் நியாயமாகாது. ஏழெட்டுப் பேர் மாறி மாறி ஆடுவார்கள். ஒன்பதாவது பையன், முக்கிய ஆட்டக்காரன் எவனாவது ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியேறுவானா என்று பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

என் தங்கை மகன் போன வருஷம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். ஜூலையிலிருந்து காலை ஆறு மணிக்கே சைக்கிளில் பயிற்சிக்குப் போய், குறுவட்டப் போட்டியன்று புது ஜெர்ஸி மாட்டிக்கொண்டு புறப்பட்டவனை, சாயங்காலம் "எப்படி ஆடினாய்?" என்று கேட்டேன். "டைம்-அவுட் விட்டப்பல்லாம் தண்ணி பாட்டில் எடுத்துக் கொடுத்தேன், மாமா" என்றான். முதல் மாட்சிலேயே அணி தோற்றுவிட்டபடியால், அவனுடைய சீஸனும் அன்றோடு முடிந்தது.

ஹவுஸ் மாட்சின் விசேஷம் இங்கேதான் தெரியும். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என நான்கு ஹவுஸ்கள் லீக் முறையில் மோதினால் ஆறு மாட்சுகள்; வென்றாலும் தோற்றாலும் ஒவ்வொரு ஹவுஸுக்கும் மூன்று மாட்சுகள் நிச்சயம். அங்கே ஆட்டம் நேர்த்தியாக இருக்காது. பந்தைத் தட்டாமலே ஓடி டிராவலிங் விசில் வாங்குகிறவனும், ரிங்கைத் தொடாத பந்தை வியப்போடு பார்த்து நிற்கிறவனும் நிறைய உண்டு. ஆனாலும் பந்து எல்லார் கைக்கும் வரும். 1891ஆம் வருஷம் டிசம்பர் மாதம் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் மாட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது, வகுப்பில் இருந்த பதினெட்டு மாணவர்களையும் பக்கத்துக்கு ஒன்பது பேராகப் பிரித்துவிட்டார். பெஞ்சில் உட்கார ஒருவரும் மிச்சமில்லை. கூடையின் உயரம் இன்றும் அதே பத்தடிதான், மாறியது மற்றதெல்லாம்.

இப்படிச் சொல்வதால் ஸ்கூல் டீமை நான் இகழ்வதாக எண்ணலாகாது. 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில், முகம் தெரியாத எதிரியின் தடுப்பை உடைத்துப் பந்தைக் கைமாற்றும் வித்தை, கூடப் படிக்கும் சிநேகிதர்களோடு மட்டும் ஆடி வருவதன்று. மாநில அளவு வரை எட்டுகிறவர்களுக்குக் கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடு என்ற பிரயோஜனமும் உண்டு. குறுவட்டச் சான்றிதழை நம்பி அந்தக் கணக்குப் போடுவது மட்டும் வீண். பெண் குழந்தையாயின், வெளியூர்ப் போட்டிக்குக் கூட வரும் ஆசிரியை யார், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பதைப் பெயர் கொடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் சிமெண்ட் கோர்ட் நனைந்து வழுக்கும். அதன்பின் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். ஆகவே எந்த அணியானாலும் உருப்படியான பயிற்சி ஜூலை முதல் செப்டம்பர் வரைதான்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. மூவர் மூவராக அரை கோர்ட்டில், பத்து நிமிஷமோ 21 புள்ளியோ எது முந்துகிறதோ அதுவரை ஆடும் 3x3 ஆட்டம், டோக்கியோ ஒலிம்பிக்ஸிலேயே இடம் பெற்றுவிட்டது. அணிக்கு நால்வர்தான், களத்தில் மூவர் போக, வெளியே நிற்பவன் ஒருவனே. உங்கள் பள்ளியில் அது நடக்குமானால், பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அதையும் ஹவுஸ் டீமையும் சிபாரிசு செய்வேன். பயிற்சி முடிந்த பிறகும் ரிங்கை விட்டு நகர மறுக்கிற பிள்ளையை ஸ்கூல் டீமில் தாராளமாக விடலாம்.

அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்கோர் ஷீட்டில், களத்தில் இறங்கும் ஒவ்வொருவனுக்கும் நேரே ஒரு பெருக்கல் குறி இடுவார்கள். முதல் ஐவரின் குறியைச் சுற்றி வட்டம் இருக்கும். சென்ற வருஷத்து ஷீட்டுகளை உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டு வாங்கி, குறியே இல்லாத பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். என் தங்கை மகன் இவ்வருஷம் நீல ஹவுஸில் ஆடினான். அவர்கள் ஹவுஸ் மாட்சுக்கும் ஷீட் போடுகிறார்கள். மூன்றிலும் தோற்றார்கள், மூன்று ஷீட்டிலும் அவன் பெயருக்கு நேரே குறி இருக்கிறது.