காதை ஏமாற்றும் எம்.பி.3

ஆடியோ சி.டி.யில் உள்ள ஐந்து நிமிடப் பாட்டை வேவ் பைலாகக் கம்ப்யூட்டரில் எடுத்தால், சுமார் 50 மெகாபைட் இடம் பிடிக்கும். அதையே விநாடிக்கு 128 கிலோபிட் அளவில் எம்.பி.3 ஆக மாற்றினால் 5 மெகாபைட்டில் அடங்கிவிடும். மீதி எங்கே போயிற்று? பெரும்பகுதி தூக்கி எறியப்பட்டது. ஆனாலும் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. காரணம் நம் காதுதான்.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. அதற்குள் சுமார் 35 மில்லிமீட்டர் நீளத்தில் மெல்லிய சவ்வு. கீச்சென்ற ஒலி அதன் வாசல் பக்கத்தை அசைக்கும்; கனத்த ஒலி கடைக்கோடியை அசைக்கும். இந்த அலை சவ்வில் ஓடுவதைக் கண்டறிந்த பெக்கேசிக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது. கனத்த ஒலி கடைக்கோடிக்குப் போகும் வழியில் வாசல் பக்கத்தையும் ஆட்டிவிட்டே போகிறது. அங்கே மெல்லிய ஒலி ஏதாவது வந்தால் அது அமுங்கிவிடும். கல்யாண வீட்டில் தவில் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேச்சு வெறும் வாயசைப்பாகத் தெரிகிறதல்லவா, அதேதான்.

இப்படி அமுங்கும் ஒலிகளை எம்.பி.3 துல்லியமாக எழுதுவதில்லை. அதனால் வரும் கரகரப்பும் பெரிய ஒலிக்குப் பின்னால் மறைந்துவிடும். மறைய இடமில்லாவிட்டால்? ஜெர்மனியில் எம்.பி.3-ஐ உருவாக்கிய பிராண்டன்பர்க், சூசன் வேகா பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டைச் சோதித்தபோது குரல் கெட்டுப்போய் வந்தது. அதில் வாத்தியமே கிடையாது, தனிக் குரல். அந்தப் பாட்டை வைத்தே முறையைச் சீர்செய்தார்கள்.

உங்கள் வீட்டில் தாத்தா, பாட்டி பேசிய கேசட் இருக்கிறதா? அதுவும் தனிக் குரல்தான். அதைக் குறைந்த அளவு எம்.பி.3 ஆக மட்டும் சேவ் செய்துவிட்டுக் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போனது திரும்பாது. 128-ஐ 320 ஆக மாற்றினால் பைல்தான் பெருக்கும், குரல் தெளியாது. வெட்டி ஒட்டி மறுபடி எம்.பி.3 ஆக சேவ் செய்யும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும்.

இலவச புரோகிராமான ஆடாசிட்டியில் பதிவு செய்து, பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கிளிக் செய்து, ஃபிளாக் வகையைத் தேர்ந்தெடுங்கள். இது எதையும் எறியாமல், வேவ் பைலில் பாதி அளவுக்குச் சுருக்கும். அந்த மூலப் பைலை வேறொரு ஹார்ட் டிஸ்கிலும் காப்பி செய்து வையுங்கள். செல்போனில் கேட்க எம்.பி.3 வேண்டுமென்றால், அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.