கறுப்புக் கோட்டும் விசிலும்

கோடம்பாக்கம்

அன்புள்ள செழியனுக்கு,

சட்டப் படிப்பு முடிந்ததும் கோர்ட்டுக்குப் போவதா, தடகளக் கோச் ஆவதா என்று கேட்டிருந்தாய். கோச் என்றதும் வீட்டில் முகம் சுளித்தார்கள் என்றும் எழுதியிருந்தாய். ஆடி ஓய்ந்தவர்களுக்கான வேலை அது என்ற எண்ணம் நம் ஊரில் ஊறிப்போயிருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

புத்தகக் காட்சிக்குப் போவோமே, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம், அங்கே இருக்கிற உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். பென்சில்வேனியாவில் பிறந்து, கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்தவர். 1919இல் சென்னைக்கு வந்தார். மறு ஆண்டே கல்லூரியை ஆரம்பித்துவிட்டார். கெட்டிக்கார வீரர்கள் நாலு பேரைத் திரட்டிக் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் ஊர் திரும்பியிருக்கலாம். அதைச் செய்யாமல், கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்களை உருவாக்க உட்கார்ந்தார். கூடைப்பந்து, வாலிபாலோடு தண்டாலுக்கும் சடுகுடுவுக்கும் பாடத்தில் இடம் இருந்தது. வந்த நாட்டின் விளையாட்டை மட்டமாக நினைக்காத அந்தக் குணத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போன மேலாளரும் அவர்தான். அந்த அணியில் 110 மீட்டர் தடை ஓட்டம் ஓடிய சி. கே. லட்சுமணன் மருத்துவர், பின்னாளில் நாட்டின் சுகாதாரச் சேவைகளுக்கே தலைமை இயக்குநர் ஆனார். ஸ்டெதஸ்கோப்பும் ஸ்பைக்ஸும் ஒரே ஆளிடம் இருக்க முடிந்திருக்கிறது, பார்.

கோச்சின் வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு அந்தத் தடை ஓட்டத்தையே எடுத்துக்கொள். பத்துத் தடைகள், ஒவ்வொன்றும் 1.067 மீட்டர் உயரம், இடைவெளி 9.14 மீட்டர். அதற்குள் மூன்றே எட்டு. புதுப் பையனை நேரே அதன் முன்னால் நிறுத்தினால் பயந்து தாவுவான். தாவினால் வேகம் செத்துவிடும். முழங்கால் உயரத்துக்கும் தாழ்வாகக் குச்சிகளை வைத்து, இடைவெளியைக் குறுக்கி, மூன்று எட்டின் தாளம் காலில் ஏறும்வரை ஓடவிட வேண்டும். உயரத்தைக் கூட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம். எந்தப் பையனுக்கு எந்த வாரம் கூட்டலாம் என்று கண்டுபிடிப்பது படித்துப் பழகி வருகிற வித்தை. பக் கல்லூரி நடத்தியது இதற்காகத்தான்.

உன் சட்டப் படிப்பு வீண் என்று நினைக்காதே. விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டவர் பக். டாக்டர் நோரன் என்பவரோடு மாகாணம் மாகாணமாக அலைந்து சங்கங்கள் அமைத்தார். 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானதில் அந்த அலைச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு. சங்க விதி, தேர்வு முறை, மேல்முறையீடு என்று வரும்போது வீரனுக்காகப் பேச ஆள் வேண்டும். சட்டம் தெரிந்த கோச் நம்மிடம் மிகக் குறைவு.

பக்கின் காலத்திலேயே அமெரிக்காவில் அப்படி ஒருவர் இருந்தார், பிராஞ்ச் ரிக்கி. ஓஹியோ வெஸ்லியன் கல்லூரியில் பல விளையாட்டுகளுக்குக் கோச். அவர் அணியிலிருந்த சார்லஸ் தாமஸ் என்ற கறுப்பின மாணவருக்கு வெளியூர் ஓட்டல் ஒன்று அறை தர மறுத்தது. ரிக்கி வாதாடி, தன் அறையிலேயே அவரைத் தங்கவைத்தார். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேஸ்பால் பயிற்சி அளித்துக்கொண்டே 1911இல் சட்டப் பட்டம் வாங்கினார். வக்கீல் தொழில் அவருக்குக் கைகூடவில்லை. ஆனால் 1947இல் ஜாக்கி ராபின்சனைப் பெரிய லீக்கில் ஆடவைத்து, கறுப்பினத்தவரை விலக்கிவைத்த வழக்கத்தை உடைத்தவர் அவர்தான்.

ஆகவே படிப்பை முடி, பார் கவுன்சிலில் பதிவும் செய்துவிடு. கூடவே தடகள விதிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்து போட்டி அதிகாரிகளுக்கான தேர்வு எழுது; பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) கோச் பயிற்சிக்கும் விசாரித்து வை. அப்பாவிடம் நான் பேசுகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா