காசு இல்லாத டிக்கெட்டும் ஒரு கணக்குதான்: அரசு நிறுவனத்தின் அறிக்கையைப் படிப்பது எப்படி?

எலவனாசூர்கோட்டையில் உளுந்தூர்பேட்டை பக்கம் போக நிற்கிறீர்கள். சாதாரண கட்டண டவுன் பஸ் வருகிறது. நீங்கள் பெண் என்றால் நடத்துநர் காசு வாங்காமல் ஒரு டிக்கெட் தருவார். "காசே இல்லையே, டிக்கெட் எதுக்கு?" என்று நம்மில் பலர் அதை வாங்காமலே உள்ளே போய்விடுகிறோம். ஆனால் நீங்கள் பயணம் செய்தீர்கள் என்பதற்கு அரசுக் கணக்கில் இருக்கும் பதிவு அந்தச் சீட்டுதான். அதைப் பிடித்துக்கொண்டே போனால் மாநில பட்ஜெட் வரைக்கும் போகலாம். வாங்க, போய்ப் பார்ப்போம்.

பஸ்ஸின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (விழுப்புரம்) லிமிடெட். 1975-இல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கியது இதுதான். கடைசியில் வரும் 'லிமிடெட்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். இது ஒரு அரசுத் துறை அல்ல, அரசுக்குச் சொந்தமான கம்பெனி. அதனால் இதற்கு இரண்டு இடத்தில் கணக்கு இருக்கிறது. அரசு எவ்வளவு கொடுத்தது என்பது பட்ஜெட்டில் இருக்கும். கம்பெனி அதை வைத்து என்ன செய்தது என்பது அதன் ஆண்டறிக்கையில் இருக்கும்.

முதலில் பட்ஜெட். மகளிர் கட்டணமில்லாப் பயணம் 2021 மே 8 அன்று தொடங்கியது. அப்போது ஆண்டுக்கு ரூ.1,200 கோடி மானியம் என்று அறிவிக்கப்பட்டது. 2023-24 பட்ஜெட்டில் ரூ.2,800 கோடி, 2024-25இல் ரூ.3,050 கோடி, 2025-26இல் ரூ.3,600 கோடி ஒதுக்கப்பட்டது. நாலு வருஷத்தில் மூன்று மடங்கு. ஒரு நாளைக்குப் பிரித்தால் ஏறக்குறைய பத்து கோடி ரூபாய்.

இதைப் பார்த்ததும் ஒருவர் "திட்டம் சூப்பர் ஹிட்" என்பார், இன்னொருவர் "செலவு கைமீறிப் போச்சு" என்பார். உண்மையில் இந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டையுமே சொல்ல முடியாது. ஒதுக்கீடு என்பது 'இவ்வளவு தரப் போகிறோம்' என்ற மதிப்பீடு மட்டுமே. நிதித் துறை இணையதளத்தில் பட்ஜெட் புத்தகத்தைத் திறந்தால், ஒவ்வொரு செலவுக்கும் நேராக நான்கு எண்கள் இருக்கும்: முடிந்துபோன ஆண்டின் 'கணக்குகள்', நடப்பு ஆண்டின் மதிப்பீடு, அதே ஆண்டின் 'திருத்த மதிப்பீடு', வரும் ஆண்டின் மதிப்பீடு. செய்திகளில் வருவது பெரும்பாலும் கடைசி எண். உண்மையில் செலவான பணம் 'கணக்குகள்' என்ற பத்தியில் இருக்கிறது. போனில் பார்க்கும்போது திரையைக் குறுக்காகத் திருப்பிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பத்தி மாறிப் படித்துவிடுவோம்.

செலவு தெரிந்துவிட்டது. பலன்? இந்தத் திட்டத்துக்கு அதையும் அளந்திருக்கிறார்கள். பயணம் செய்யும் பெண்கள் மாதம் சராசரியாக ரூ.888 மிச்சப்படுத்துகிறார்கள் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்கிறது. கோடிக் கணக்கை விட இந்த மூன்று இலக்க எண்தான் என் பார்வையில் பயனுள்ளது. ஏனென்றால் இதை உங்கள் வீட்டுச் செலவோடு ஒப்பிட்டு 'ஆமாம்' என்றோ 'இல்லையே' என்றோ உங்களாலேயே சொல்ல முடியும்.

பஸ் எப்படி ஓடுகிறது என்று தெரிய, போக்குவரத்துத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் பாருங்கள். மானியக் கோரிக்கை விவாதத்தின்போது சட்டமன்றத்தில் வைக்கப்படும் ஆவணம் இது. அரசு இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கிறது. ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர், இருக்கும் பஸ்களில் எத்தனை சதவீதம் ரோட்டில் ஓடுகிறது, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை முறை வழியில் பழுதாகி நின்றது என்றெல்லாம் கழகம் வாரியாகப் பட்டியல் இருக்கும்.

கம்பெனியின் ஆண்டறிக்கைக்கு வேறு பாதை. அரசுக் கம்பெனிக்குத் தணிக்கையாளரை நியமிப்பவர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர். மார்ச் 31-இல் ஆண்டு முடிந்தால் ஆறு மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம், அதன்பின் மூன்று மாதத்துக்குள் அறிக்கை தயார், பிறகு தணிக்கைக் கருத்துகளோடு சேர்த்துச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டம். அறிக்கை தாமதமானால் பழைய கதையைத்தான் படிப்போம். அதனால் எந்த அறிக்கையை எடுத்தாலும் முதலில் ஆண்டைப் பாருங்கள்.

கிராம ஊராட்சிக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. கிராம சபையில் பொது நிதிச் செலவை 'படிவம் 30'-இல் எழுதி மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு. போனிலேயே படம் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த சபையில் ஒப்பிடலாம்.

மறுபடி பஸ்ஸுக்கே வருவோம். மேலே சொன்ன அறிக்கைகள் எல்லாம் முழுக் கழகத்துக்கான சராசரி. உங்கள் ஊர் ஏழு மணி பஸ் வாரத்தில் இரண்டு நாள் வராமல் போவது அதில் தெரியாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கோ அது பெரிய விஷயம். அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கு முப்பது நாள். "ஏன் பஸ் வரவில்லை?" என்று எழுதாதீர்கள், அந்தச் சட்டத்தில் கேட்க முடிவது ஆவணத்தில் உள்ள தகவலைத்தான். "தடம் எண் இன்ன, இன்ன மாதத்தில் திட்டமிட்ட நடைகள் எத்தனை, இயக்கப்பட்ட நடைகள் எத்தனை, வழங்கிய கட்டணமில்லா டிக்கெட்டுகள் எத்தனை?" என்று கேளுங்கள். மூன்றாவது எண் குறைவாக இருந்தால், 'அந்தத் தடத்தில் கூட்டமே இல்லை' என்று பதில் வரக்கூடும். அதனால் நாளை காலை பாட்டி பஸ் ஏறும்போது, டிக்கெட்டை மறக்காமல் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.